கரணையைக் கையில் கொடுப்பது: பழங்குடி இளைஞர்களின் கட்டுமானப் பயிற்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் காலைப் பேருந்தில் ஒருநாள் போய்ப் பாருங்கள். பின் இருக்கைகளில் நாலைந்து பையன்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிவார்கள். எங்கே என்று கேட்டால் பெங்களூரு, கோயம்புத்தூர், கேரளா என்று ஏதாவது ஓர் ஊர். என்ன வேலை என்றால் கட்டட வேலை. கட்டட வேலையில் என்ன என்று இன்னும் ஒரு கேள்வி கேட்டால்தான் விஷயம் தெரியும்: கலவை போடுவது, சட்டி தூக்குவது, கான்கிரீட் வார்க்கத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகை பிரிப்பது. பத்து வருடம் கழித்து அதே ஆளைப் பார்த்தாலும் பெரும்பாலும் இதே பதில்தான் வரும். கூடவே வேலைக்குச் சேர்ந்த கீழ்நாட்டுப் பையன் அதற்குள் கொத்தனாராகித் தனக்குக் கீழே இரண்டு பேரை வைத்திருப்பான்.

மலைப் பையனுக்குக் கைவேலை வராது என்று சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. நீலகிரியின் கோத்தர்கள் இரும்பு அடித்து, மரம் இழைத்து, பானை வனைந்து சுற்றியிருந்த சமூகங்களுக்கெல்லாம் சாமான் செய்து கொடுத்தவர்கள் என்பது அந்த மேஸ்திரிகளுக்குத் தெரியாது. உண்மையான காரணம் எளிமையானது. கட்டட வேலை நம்மூரில் உறவு வழியாகத்தான் கைமாறுகிறது. சாயங்காலம் வேலை முடிந்து கலவை கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது, கொத்தனார் தன் மச்சானையோ சித்தப்பா மகனையோ கூப்பிட்டு 'இந்த ஓரத்தை நீ பூசிப் பாரு' என்று கரணையைக் கொடுப்பார். தொழில் கற்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான். மலையிலிருந்து வந்த பையனுக்கு அந்த இடத்தில் மச்சான் கிடையாது.

ஆக, பயிற்சி என்று நாம் எதைச் செய்தாலும் அது அந்த மச்சானின் வேலையைச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி பழங்குடி ஊர்களில் வேலை செய்யும் ஆசிரியர்கள், தன்னார்வலர்கள், சங்கத்துக்காரர்கள், அப்புறம் பிளஸ் டூ முடித்துவிட்டுத் தம்பி தங்கைகளுக்கு வழி தேடும் அக்கா அண்ணன்மார்களுக்காக எழுதியது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் 7,94,697 பேர், மக்கள்தொகையில் 1.1 சதவீதம். மலையாளி, இருளர் ஆகிய இரு சமூகத்தினர் அதில் பெரும்பகுதி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறும் மிகவும் பின்தங்கியவை என்று தனியாக அடையாளம் காணப்பட்டவை. இந்த ஆறு பெயர்களை நினைவில் வையுங்கள், வீடு கட்டும் பகுதியில் திரும்ப வருவார்கள்.

படி 1: தாள்களைச் சரிசெய்வது

பயிற்சி தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள். மிகைப்படுத்தவில்லை.

இனச்சான்றில்தான் பெரிய சிக்கல். மற்ற பிரிவினருக்குப் பெரும்பாலும் வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிந்துவிடும் காரியம், பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். போலிச் சான்று வாங்குகிறவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அதன் சுமை உண்மையான இருளர் மேலும் காட்டுநாயக்கர் மேலும் விழுகிறது. 'அப்பாவுக்குச் சான்று இருக்கிறதா?' என்பது முதல் கேள்வி. அப்பா பள்ளிக்கூடமே போகாதவர் என்றால் அவருக்கு ஏது சான்று? அதனால் குடும்பத்தில் யாருக்காவது, பெரியப்பா மகளுக்காவது, சான்று கிடைத்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஒருவரிடம் இருந்தால் குடும்ப மரம் வரைந்து அதோடு இணைக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்பப்பட்டால் மேல்முறையீட்டுக்குக் கையில் எதுவும் இருக்காது.

பெயர்ப் பொருத்தம் அடுத்த தலைவலி. ஆதாரில் மாதன், பள்ளி மாற்றுச் சான்றில் மாதவன், குடும்ப அட்டையில் மாதையன் என்று ஒரே ஆள் மூன்று பேராக இருப்பார். என்னுடன் வந்த ஒருவருக்கு நான்காவது பெயர் ஒன்று வங்கிக் கணக்கில் இருந்தது. பிறந்த தேதியையும் பாருங்கள். தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டு வைத்திருப்பார்கள். அது பள்ளிச் சான்றோடு ஒத்துப்போகாது. எந்தத் தாளை மற்ற தாள்களுக்கு ஏற்பத் திருத்துவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பள்ளிச் சான்றை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவதே வழக்கமாகச் சுலபம்.

வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு வருடம் எதுவும் போடாமல் எடுக்காமல் விட்ட கணக்கு முடங்கிப் போயிருக்கும். உதவித்தொகை அங்கேதான் வரப்போகிறது.

ஒரு நல்ல செய்தி: இனச்சான்று கிடைக்கவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவுக்கு அது தேவையில்லை. கட்டட வேலை செய்கிற எவரும் அங்கே பதியலாம். பழங்குடியினருக்கான 1 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்கும்போதுதான் சான்று இல்லாமல் நகராது.

படி 2: யாருக்கு எந்த வழி

வழிகள் மூன்று. ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒன்று அல்லது இரண்டு வருடம். சில வாரம் முதல் மூன்று மாதம் வரையிலான குறுகிய காலப் பயிற்சி. மூன்றாவது, ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவரின் திறமையைச் சோதித்துச் சான்று தருவது.

பதினாறு வயது, பத்தாவது முடித்தவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஐ.டி.ஐ. தான். இருபத்தைந்து வயது, ஐந்தாவதோடு நின்றுவிட்டார், வீட்டில் கைக்குழந்தை என்றால் இரண்டு வருடம் படி என்று சொல்வது அநியாயம். அவருக்குக் குறுகிய காலப் பயிற்சி. பல வருடமாகக் கட்டடத்தில் இருப்பவரை வகுப்பில் உட்காரவைத்துச் செங்கல் என்றால் என்ன என்று தொடங்கினால் மூன்றாம் நாளே காணாமல் போய்விடுவார். அவருக்கு மூன்றாவது வழி. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் ஊரில் இருக்கும் முப்பது பேரையும் ஒரே வகுப்பில் போடுவதுதான் நான் பார்த்த பெரும்பாலான பயிற்சிகளின் முதல் தவறு.

தொழில் தேர்வு பற்றி என் கருத்து: எட்டாவது தாண்டியவர்களை முடிந்தவரை ஒயரிங், பிளம்பிங், வெல்டிங் பக்கம் தள்ளுங்கள். கொத்து வேலை நல்ல தொழில்தான். ஆனால் அதில் உறவுக்கார வலை மிக இறுக்கம், உள்ளே நுழைவது கஷ்டம். ஒயரிங்கில் காகிதத்துக்கு மதிப்பு உண்டு. மின் கம்பியாள் உதவியாளருக்கான தகுதிகாண் தேர்வு ஒன்று அரசு நடத்துகிறது. ஒயரிங்கில் ஐந்து வருட அனுபவம், 21 வயது நிறைவு என்று நிபந்தனைகள், மேல் வயது வரம்பு இல்லை. ஒரு சான்று இருந்தால் மச்சான் இல்லாமலும் கதவு திறக்கும் தொழில் என்பதால்தான் இதை முன்னால் வைக்கிறேன். சென்ட்ரிங்கைக் கடைசியில் வையுங்கள். ஆட்களை உடனே எடுத்துக்கொள்வார்கள், கூலியும் பரவாயில்லை. ஆனால் விழுந்து அடிபடுவது அங்கே அதிகம், பத்து வருடம் செய்தாலும் கையில் ஒரு சான்று மிஞ்சாது.

பெண்களை விட்டுவிட்டு இதையெல்லாம் பேசக்கூடாது. கட்டட வேலையில் பெண் என்றால் சித்தாள், அவ்வளவுதான் என்று தமிழ்நாடு முடிவு செய்து வைத்திருக்கிறது. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் பெண்கள் குழுவாகச் சேர்ந்து முழு வீடுகளையே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பூச்சு, டைல்ஸ், பெயின்டிங், ஒயரிங் நான்கிலும் பெண்கள் சீக்கிரம் கை தேறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு பெண்ணை மட்டும் சேர்க்காதீர்கள். குறைந்தது மூன்று பேராகச் சேர்த்தால்தான் நிலைப்பார்கள்.

படி 3: ஐ.டி.ஐ.

விண்ணப்பம் பத்தாம் வகுப்பு முடிவையொட்டி, மே ஜூன் மாதங்களில் இணையவழியில் வரும். குறைந்த வயது 14. ஆண்களுக்கு 40 வரை, பெண்களுக்கு மேல் வயது வரம்பே இல்லை. இது பலருக்குத் தெரியாது, முப்பது வயதுப் பெண்ணும் சேரலாம். எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாவது வேண்டும். மின் கம்பியாள் (வயர்மேன்), வெல்டர் பிரிவுகளுக்கு எட்டாவது போதும். ஜமுனாமரத்தூர், கூடலூர், ஆனைகட்டி, கருமந்துறை போன்ற பழங்குடிப் பகுதிகளிலேயே அரசு நிலையங்கள் இருக்கின்றன. எந்த நிலையத்தில் எந்தப் பிரிவு இருக்கிறது என்பதை நேரில் போய்ப் பாருங்கள். மலையிலேயே நிலையம் இருந்தும் விரும்பிய பிரிவு அங்கே இல்லாமல் போகலாம்.

அரசு நிலையத்தில் பயிற்சிக்கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்ட் முதல் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். கூட்டினால் 1,750. சரி, போதுமா? விடுதி கிடைத்தால் போதும். விடுதி கிடைக்காவிட்டால் அறை வாடகைக்கே பற்றாது. அதனால் சேர்க்கையன்றே விடுதி விண்ணப்பத்தையும் கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள்.

இடையில் நின்றுபோவது பெரும்பாலும் படிப்பு கடினம் என்பதால் நடப்பதில்லை. சாமை அறுப்பு, தேன் எடுக்கும் பருவம், ஊர்த் திருவிழா, ஒரு சாவு. ஊருக்குப் போனவர் இரண்டு வாரம் கழித்துத் திரும்பினால் வருகைப்பதிவு குறைந்திருக்கும், பயிற்றுநர் நாலு பேர் முன்னால் திட்டுவார், அதோடு போனவர் போனவர்தான். 80 சதவீத வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது. எனவே சேர்ந்த முதல் வாரத்திலேயே வருடத்தின் ஊர் நாட்காட்டியோடு பயிற்றுநரைப் பார்த்துப் பேசுங்கள். எந்தத் தேதிகளில் பையன் கட்டாயம் ஊரில் இருப்பான், அதை எப்படி ஈடுகட்டுவான் என்று முன்பே சொன்னால் கேட்கிற பயிற்றுநர்கள் நிறைய உண்டு.

முடித்த பிறகு 1961-ஆம் வருடத் தொழிற்பழகுநர் சட்டப்படி ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையோடு பழகுநராகச் சேரலாம். இதைத் தவறவிடாதீர்கள்.

படி 4: குறுகிய காலப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது

இங்கே நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கிறது. வாரியத்தில் பதிந்த தொழிலாளர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்டம் தையூரிலும், காஞ்சிபுரத்தில் இருக்கும் எல் அண்ட் டி கட்டுமானப் பயிற்சி நிலையத்திலும் கொத்து, கம்பி வளைப்பு, பிளம்பிங், மரவேலை, வெல்டிங் எனப் பயிற்சிகள் நடத்தப்பட்டிருக்கின்றன. ஒரு வாரப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு இழந்த கூலிக்காக நாளொன்றுக்கு 800 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். கூலியை ஈடுகட்டாத எந்தப் பயிற்சிக்கும் குடும்பஸ்தர் வரமாட்டார் என்பதை அரசே ஒப்புக்கொண்ட அரிதான இடம் இது.

பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தோடு சேர்ந்த கொத்தனார் பயிற்சியும் உண்டு. 45 நாட்கள், ஓர் உண்மையான பயனாளியின் வீட்டைக் கட்டியபடியே கற்பது. என்னைக் கேட்டால் மலை ஊர்களுக்கு இதுதான் மிகப் பொருத்தமான வடிவம்.

கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருமுறை நகரத்தில் ஒரு பயிற்சி மையத்துக்குப் பதினெட்டுப் பேரை அனுப்பினோம். நாற்பது நாளில் மொத்தம் கட்டியது முழங்கால் உயரச் சுவர் ஒன்று. மீதி நேரமெல்லாம் திரையில் படம். சான்றிதழ் என்னவோ எல்லாருக்கும் வந்தது. அதற்குப் பிறகு எந்த மையத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது கொல்லைப்புறம்தான். இடித்துப்போட்ட செங்கலும் காய்ந்த கலவையும் குவிந்து கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று அர்த்தம். தரை சுத்தமாக இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், ஆளுக்கு ஒரு கரணை உண்டா, சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பவை அடுத்த கேள்விகள்.

படி 5: வகுப்பில் என்ன நடக்க வேண்டும்

நீங்களே ஊரில் ஒரு பயிற்சி நடத்துவதாக இருந்தால், அல்லது நடத்துபவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றால், இது முக்கியமான பகுதி. கையால் செய்வது பெரியாள்களுக்கு, அதாவது கட்டடத்தில் எடுபிடி வேலை செய்யும் ஆண்களுக்கு, ஓரளவு ஏற்கெனவே தெரியும். அவர்களிடமிருந்து மறைத்து வைக்கப்பட்டது அளவுதான். மேஸ்திரி மனக்கணக்காகச் செய்வதைப் பார்த்து அது ஏதோ பெரிய வித்தை என்று நினைத்திருப்பார்கள். நாலு கணக்கில் அடங்கிவிடும் வித்தை அது.

முதல் நாள் மூலைமட்டம். ஒரு முளையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறியுங்கள். குறிகளுக்கு இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலை செங்கோணம். வீட்டளவுக்குப் போகும்போது 6, 8, 10 என்று இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். நூலும் நாலு முளையும் மட்டும் கொடுத்து, மைதானத்தில் ஒரு வீட்டின் அஸ்திவாரக் கோட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐந்தாவது படித்தவர் முதல் பிளஸ் டூ படித்தவர் வரை எல்லாரும் அன்று மத்தியானத்துக்குள் போட்டுவிடுவார்கள். அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது மட்டம். தண்ணீர் நிரப்பிய டியூபின் இரு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்பது ஓடைக்கரையில் வளர்ந்தவருக்குப் புதிதில்லை. அப்புறம் சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டு, மட்டம் பார்க்கும் ரசமட்டம்.

கலவை. ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ, அளவில் ஏறக்குறைய 35 லிட்டர், அதாவது ஒன்றேகால் கன அடி. 35 லிட்டர் பிடிக்கும் பெட்டி ஒன்று செய்துகொண்டால் செங்கல் சுவருக்குச் சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு, உள்கூரைப் பூச்சுக்கு ஒன்றுக்கு நாலு என்று தவறாமல் அளக்கலாம். குவித்து அள்ளிய சட்டியும் தலைதட்டிய சட்டியும் ஒன்றாகாது என்பதைப் பெட்டியில் கொட்டிக் காட்டுங்கள். தண்ணீர் சேர்த்த கலவை இறுக ஆரம்பித்த பிறகு மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைப்பது எல்லாத் தளத்திலும் நடக்கிற பாவம். முதல் வாரத்திலேயே அதை விடச் சொல்லுங்கள். செங்கலை நனைத்து வைப்பது, ஒருநாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் சுவர் ஏற்றாதது, கட்டியதைக் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் ஊற்றி ஈரமாக வைப்பது எல்லாம் இதோடு வரும்.

கம்பி. இது அவர்கள் மேஸ்திரியையே அசத்தக்கூடிய கணக்கு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறக்குறைய 10.7 கிலோ. கடைக்காரர் எடை ஏமாற்றுகிறாரா என்று இனி இவர்கள் சொல்வார்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் எதற்கு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், அதாவது கவர், கூரைத் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. மலையில் ஈரம் அதிகம், கவர் குறைந்த கம்பி சீக்கிரம் துருப்பிடித்துத் தளத்தைப் பிளக்கும். அவர்கள் ஊர்த் தொகுப்பு வீடுகளின் கூரையையே உதாரணமாகக் காட்டலாம், நிறையக் கிடைக்கும்.

வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுக்கும்போது முதலில் அவர்கள் வீட்டையே மேலிருந்து பார்ப்பதுபோல் வரையச் சொல்லுங்கள். பிறகுதான் பொறியாளர் வரைபடம். தளத்தில் புழங்கும் சொற்களான லிண்டல், சில், பீம், ஸ்டிரப் எல்லாம் அதன்மேலேயே எழுதிப் பழகட்டும்.

பயிற்றுநர் பற்றி ஒன்று. அவர் நல்ல கொத்தனாராக இருந்தால் மட்டும் போதாது, இவர்களை 'டேய்' போடாமல் பேசத் தெரிந்திருக்க வேண்டும். பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் அவமானப்பட்டால் சண்டை போடமாட்டார்கள், சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள்.

படி 6: உயரம்

'மலைக்காரப் பையன், பயமில்லாமல் ஏறுவான்' என்று மேஸ்திரி பாராட்டினால் எச்சரிக்கையாகுங்கள். குறும்பர்கள் கொடிக்கயிற்றில் பாறைச்சரிவில் தொங்கித் தேன் எடுப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கயிற்றை முறுக்கியது அவர்களே, மேலே அதைப் பிடித்திருப்பது சொந்தக்காரர். கட்டடத்துச் சாரத்தை யார் கட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இந்தப் பாராட்டு நம்மூருக்கு மட்டும் உரியதில்லை. கனடாவில் மொஹாக் பழங்குடியினர் உயரத்துக்கு அஞ்சாதவர்கள் என்று பெயர் வாங்கி, 1886 வாக்கில் தொடங்கி இரும்புப் பாலங்களிலும் பிறகு நியூயார்க்கின் உயர்ந்த கட்டடங்களிலும் வேலை செய்தார்கள். 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டுமானத்தில் இருந்த கியூபெக் பாலம் சரிந்தபோது இறந்த 75 பேரில் 33 பேர் கானவாகே என்ற ஒரே மொஹாக் ஊர்க்காரர்கள். அதன்பின் ஊர்ப் பெண்கள், ஆண்கள் எல்லாரும் ஒரே தளத்தில் வேலைக்குப் போகக்கூடாது என்று வற்புறுத்தியதாகச் சொல்வார்கள்.

பெல்ட், ஹெல்மெட், சாரத்தில் பலகை ஆடுகிறதா என்று பார்ப்பது ஆகியவற்றைப் பயிற்சியின் ஒரு பாடமாக வைக்காதீர்கள், தினசரி வழக்கமாக வையுங்கள். தளத்தில் பெல்ட் இல்லாமல் ஏறச் சொன்னால் 'அண்ணே, பெல்ட் கொடுங்க, ஏறுறேன்' என்று சொல்லிப் பழக வேண்டும். நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே செய்வார்கள். ஆனால் அந்த வாக்கியம் வாயில் ஏறிவிடும்.

படி 7: முதல் கட்டடம் சொந்த ஊரில்

2023 நவம்பர் 15 அன்று தொடங்கிய பி.எம். ஜன்மன் என்ற மத்திய அரசுத் திட்டத்தில், மேலே சொன்ன ஆறு சமூகத்தினருக்கும் வீடு உண்டு. திட்டப்படி வீட்டுக்கு 2 லட்சம் ரூபாய், அதை மத்திய, மாநில அரசுகள் பங்கிட்டுத் தருகின்றன, மாநில அரசு அதன்மேலும் சேர்த்துத் தருகிறது. பணம் கட்டுமான நிலைகளைப் புகைப்படம் எடுத்துப் பதிவேற்றியபின் தவணையாக வரும். ஊரக வீட்டுத் திட்ட விதிப்படி ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டக்கூடாது, பயனாளியே கட்ட வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது என்று ஊருக்குள் போனால் தெரியும். கீழிருந்து ஒரு மேஸ்திரி வந்து பத்து வீட்டையும் மொத்தமாக எடுத்துக்கொள்வார். ஊர்ப் பையன்கள் தங்கள் வீட்டுக்கே தாங்களே பெரியாளாகச் சட்டி தூக்குவார்கள்.

இதை மாற்ற முடியும். ஊரில் நாலைந்து வீடு அனுமதியானதுமே வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் பேசி, ஒரு மூத்த கொத்தனாரை நாள்கூலிக்கு அமர்த்தி, பயிற்சி பெற்றவர்களைக் குழுவாக்கி முதல் வீட்டைத் தொடங்குங்கள். முதல் வீடு மெதுவாகத்தான் ஏறும். அந்த வீட்டுக்காரர் பொறுமையானவராகவும், முடிந்தால் குழுவில் ஒருவரின் சொந்தக்காரராகவும் இருக்கட்டும். மணலும் ஜல்லியும் சாலை முடியும் இடத்தில் கொட்டப்பட்டுத் தலைச்சுமையாக ஏறும் ஊர்களில் சுமைச் செலவைத் தனியாகக் கணக்கிடாவிட்டால் கூரை மட்டத்தில் பணம் தீர்ந்துவிடும். அரைகுறையாக நிற்கும் வீடுகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் அனுபவம்.

மண், மூங்கில் பற்றி ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்ததைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் இருக்கும் மண் கட்டுமான நிறுவனம், சிறிதளவு சிமென்ட் சேர்த்து அழுத்திச் செய்யும் மண் கற்களில் பயிற்சி தருகிறது. மணல் ஏற்றுவதே பெரும்பாடான ஊர்களுக்கு யாராவது ஒருவரையாவது அங்கே அனுப்பிப் பாருங்கள்.

படி 8: வாரியப் பதிவு

18 முதல் 60 வயது வரை, வருடத்தில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் எவரும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதியலாம். பதிவு இலவசம், இணையவழியே முடியும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டடச் செலவில் 1 சதவீதம் வரியாக வசூலித்து அந்தப் பணத்தில்தான் வாரியம் நடக்கிறது. விபத்து, பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் என உதவிகள் உண்டு. புரோக்கருக்கு 500 ரூபாய் கொடுத்துப் பதிந்தவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு ஊரில் உட்கார்ந்தால் எல்லாரையும் முடித்துவிடலாம். புதுப்பிக்கும் தேதியை உங்கள் நோட்டிலும் எழுதி வையுங்கள். அவர்கள் மறந்துவிடுவார்கள், விபத்து நடந்த பிறகுதான் அட்டை காலாவதியானது தெரியும்.

படி 9: முன்பணமும் தரகரும்

பயிற்சி முடித்தவருக்கும் இந்தக் கண்ணி காத்திருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல், கையில் காசில்லை, தரகர் 20,000 ரூபாய் முன்பணத்தோடு வாசலில் நிற்கிறார். வாங்கினால் அவர் சொல்லும் தளத்தில், அவர் சொல்லும் கூலிக்கு, அவர் விடும் வரை வேலை. செங்கல் சூளைகளில் இருளர் குடும்பங்கள் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். 1976-ஆம் வருடச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. அந்தச் சட்டப்படி அப்படிப்பட்ட கடனும் செல்லாது. கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்று தர வேண்டும். ஆனால் அது மாட்டிய பிறகு வெளியே வரும் வழி.

மாட்டாமல் இருக்க, பயிற்சிக் குழுவுக்குள் ஒரு சின்ன அவசர நிதி வையுங்கள். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் போதும். 'முன்பணம் வாங்காதே' என்ற அறிவுரையை, வேறு பணம் காட்டாமல் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

வெளியூருக்குப் போனால் மூன்று பேருக்குக் குறையாமல் போகட்டும். தளத்தின் முகவரி, மேஸ்திரியின் பெயர், போன் எண் வீட்டில் இருக்க வேண்டும். என்ன வேலை, எந்த இடம் என்று தெளிவாகச் சொல்லாத தரகரோடு வண்டி ஏறவே கூடாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டு இறந்த 20 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தினர், பலர் மலை ஊர்க்காரர்கள். ஜவ்வாது மலையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தினமும் வேலை செய்த நாளையும் வாங்கிய பணத்தையும் ஒரு சின்ன நோட்டில் எழுதும் பழக்கம் பயிற்சியின் முதல் நாளிலேயே தொடங்கட்டும்.

படி 10: முதல் ஆறு மாதம்

பெரும்பாலான திட்டங்கள் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுப்பதோடு முடிகின்றன. எங்கள் அனுபவத்தில் ஆட்கள் உதிர்வது அதற்குப் பிறகுதான். பயிற்சி முடித்தவர் தளத்துக்குப் போகிறார், மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி சட்டியைக் கொடுக்கிறார். இரண்டு மாதம் போனால் கற்றது மறந்துவிடும்.

இந்த இடத்தில் மச்சானாக இருக்க வேண்டியது நீங்கள். தெரிந்த இரண்டு மூன்று மேஸ்திரிகளிடம் முன்பே பேசி வையுங்கள்: 'முதல் மாதம் பெரியாள் கூலியே கொடுங்கள், ஆனால் தினம் ஒரு மணி நேரம் கரணை பிடிக்க விடுங்கள். இரண்டாம் மாதம் வேலையைப் பார்த்துக் கூலியைப் பேசிக்கொள்ளலாம்.' மேஸ்திரிக்கு இதில் நஷ்டமில்லை, அதனால் பலர் ஒப்புக்கொள்வார்கள். வாரம் ஒருமுறை போன் செய்யுங்கள். 'எப்படி இருக்கே' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் வரும். 'இந்த வாரம் எவ்வளவு பூசினே?' என்று கேளுங்கள்.

கருவிகளை இனாமாகக் கொடுக்கலாமா என்று எங்களுக்குள் நிறைய வாதம் நடந்தது. கடைசியில் பாதி அவர்கள், பாதி நாங்கள் என்று முடிவானது. பெரிய கரணை, சின்னக் கரணை, தூக்குக்குண்டு, இரண்டடி ரசமட்டம், ஐந்து மீட்டர் டேப், மூலைமட்டம், நைலான் நூல், கொத்துச் சுத்தி, எல்லாம் போட ஒரு சாக்குப்பை. சொந்தக் கரணையோடு தளத்துக்குள் நுழைகிறவரை மேஸ்திரி முதல் பார்வையிலேயே வேறுமாதிரி பார்ப்பார். கைப்பிடியில் காய்ச்சிய கம்பியால் பெயரைச் சுட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், தளத்தில் கரணை காணாமல் போவது சகஜம்.

ஆறாவது மாதம் அவர் ஊருக்கு வரும்போது ஒரு வேலை கொடுங்கள். அடுத்த தொகுதியில் சேர்ந்திருக்கும் பையன் ஒருவனை அவரிடம் விட்டு, ஊரில் யார் வீட்டிலாவது உடைந்துகிடக்கும் திண்ணையைப் பூசச் சொல்லுங்கள். கலவை கொஞ்சம் மிஞ்சும் அளவுக்கே போடட்டும்.